பிள்ளைப்பெறு வீட்டில் ஒரு குறைக் கப்பல்

தொடங்குவது என்றால் எனக்குக் கொள்ளை ஆசை. முடிப்பது என்றால், வேறு யாராவது வந்து முடித்துத் தரமாட்டார்களா என்று இருக்கும். கோப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறேன். கணக்கைப் பாதியில் விட்டுவிட்டு யன்னலைப் பார்க்கிற பிள்ளைக்கு என்னிடம் நல்ல ஏச்சு விழும். ஏசிவிட்டு உரும்பிராயில் இருக்கிற வீட்டுக்கு வருவேன். அங்கே கிழக்கு அறை முழுக்க நான் பாதியில் விட்டவை கிடக்கும்.

அவை எல்லாம் ஒட்டுச் சாமான்கள். அது எங்கள் வீட்டில் வைத்த பெயர். ஒரு பெட்டிக்குள் கப்பலோ விமானமோ ரயிலோ சின்னச் சின்னப் பிளாஸ்ரிக் துண்டுகளாக வரும். துண்டுகளைச் சட்டத்திலிருந்து நறுக்கி எடுத்து, அரத்தால் தேய்த்து, ஒன்றோடொன்று ஒட்டி, நிறம் பூசினால் அசலைப் போலவே ஒரு குட்டிக் கப்பல் மேசையில் நிற்கும் என்று பெட்டியில் இருக்கிற படம் சொல்லும். பெட்டியில் இருக்கிற படங்களை நான் இப்போது நம்புவதில்லை.

இந்த நோயை எனக்குத் தொற்றவைத்தவன் லண்டனில் இருக்கிற என் தம்பி. ஸ்கூட்டியிலிருந்து விழுந்து காலில் மாக்கட்டோடு நான் கட்டிலில் கிடந்த காலத்தில், "அக்கா, சும்மா கிடந்து அத்தானை ஏசாமல் இதை ஒட்டு" என்று ஒரு சின்னப் படகை அனுப்பினான். அந்தப் படகை முடித்தேன். அதுதான் பிழையாகப் போயிற்று. முடித்த சந்தோஷத்தில் படம் எடுத்து அவனுக்கு அனுப்ப, அவனும் ஆண்டுக்கு ஒரு பெட்டி அனுப்பத் தொடங்கிவிட்டான். பெட்டி நவராத்திரியை ஒட்டி வந்து சேரும். விஜயதசமி அன்று எதையாவது தொடங்கினால் நல்லது என்பதால், பூசை முடிந்த கையோடு நானும் புதுப்பெட்டியை உடைத்து முதல் துண்டை ஒட்டுவேன். பழையது அப்படியே நிற்கும். தொடங்குவதற்கு நாள் வைத்தவர்கள் கைவிடுவதற்கும் ஒரு நாள் வைத்திருக்கலாம் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லுவேன்.

"குருக்களைக் கேட்டு உனக்கெண்டு ஒரு நாள் போடுவிக்கிறன்," என்பார் இவர்.

இவர் தோட்டக்காரர். வாழையும் வெங்காயமும் போடுகிறார். நான் ஒட்டுவதைப் பற்றி அவருக்கு எந்த முறைப்பாடும் இல்லை. துண்டுகளைப் பொறுக்கி எடுக்கிற சாவணத்தைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு மூலையில் இருந்தால் வீட்டில் சத்தம் குறைவு என்பது அவருடைய கணக்கு. ஒரே ஒருமுறைதான் முகம் சுளித்தார். தம்பி அந்த ஆண்டு குண்டு போடுகிற விமானம் ஒன்றை அனுப்பியிருந்தான். பெட்டியின் படத்தைப் பார்த்துவிட்டு, "சண்டைக் காலத்திலை உதுக்குப் பயந்து பங்கருக்குள்ளை கிடந்தது காணும். இனி உதைக் குந்தியிருந்து ஒட்டவும் வேணுமே?" என்றார். திறக்காமலே திருப்பிக் கட்டினேன். யோசிக்காமல் நான் கைவிட்டது அந்த ஒன்றைத்தான்.

மற்றவை எல்லாம் இழுபறி. இரண்டு தட்டு பஸ்சுக்கு நாலு சில்லில் ஒன்று தொலைந்துவிட்டது. நீராவி ரயிலின் விளக்கத் தாளைக் கறையான் தின்றுவிட்டது. பழைய காலத்து விமானம் ஒன்றுக்கு ஒரு சிறகை ஒட்டிப் பசை இறுகிய பிறகுதான் அது மற்றப் பக்கத்துக்கு உரியது என்று தெரிந்தது. தூக்கிக் குப்பையில் போடுவதா, இன்னும் கொஞ்சம் பார்ப்பதா என்று ஒவ்வொன்றுக்கும் என்னோடு நானே வழக்காடுவேன். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். தூசி தட்டும்போது அதைப் பார்த்துக் கோபம் வருகிறதா? வந்தால் இன்னும் விடவில்லை. வராவிட்டால் விட்டாயிற்று. இந்த வழியில் இருக்கிற ஒரே சிக்கல், எனக்கு எதைப் பார்த்தாலும் கோபம் வரும் என்பதுதான்.

அதிகம் கோபம் வரவைத்தது மூன்று பாய்மரம் வைத்த ஒரு கப்பல். அதன் உடலை ஒட்டி, தளம் போட்டு, மரங்களையும் நட்டிருந்தேன். மிச்சம் நூல் வேலை. மரத்துக்கு மரம், தடிக்குத் தடி மெல்லிய நூலைக் கயிறு மாதிரி இழுத்துக் கட்டவேண்டும். ஒரு நூலை இறுக்கினால் மற்றது தொய்யும். அதைத் தொட்டாலே எனக்குப் பொறுமை போய்விடும். எனக்குப் பொறுமை போனால் அன்றைக்குச் சோற்றில் உப்பு இல்லை என்று வாய் திறக்க வீட்டில் ஒருவருக்கும் துணிவு வராது.

எங்கள் ஒரே மகளைச் சண்டிலிப்பாயில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மருமகனுக்குக் கிளிநொச்சியில் வேலை. சனி ஞாயிறுகளில் வருவார். மற்ற நாட்களில் வீட்டில் மகளும் மாமியும்தான். மகள் பிள்ளைத்தாச்சி என்று செய்தி வந்த அன்று, வட்டத்தின் பரப்பளவைக் கேட்ட கணக்குக்குச் சுற்றளவைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, பிள்ளைகள் பிழை என்று சொன்ன பிறகும் சிரித்துக்கொண்டு நின்றேன். வகுப்பே பயந்துபோனது.

தலைப்பிள்ளைக்குப் பெண் தாய் வீட்டுக்கு வருவது எங்கள் வழக்கம். பிள்ளை பிறப்பது ஆஸ்பத்திரியில் என்றாலும், முன்னுக்கும் பின்னுக்கும் சில மாதம் தாயின் பராமரிப்பு. ஏழாம் மாதம் கூட்டிவருவதென்று பேசிக்கொண்டோம். கிழக்கு அறைதான் அவளுக்கு. காலை வெளிச்சம் வரும், வாழைத் தோட்டத்துக் காற்று வரும், குளியலறை பக்கத்தில். ஒட்டுச் சாமான்களை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுக் கட்டிலைப் போட்டால் சரி என்று நினைத்திருந்தேன்.

அறையைப் பார்க்கச் சம்பந்தியம்மா வந்தார். சண்டிலிப்பாயில் தன் தோட்டத்தைத் தானே நின்று பார்க்கிறவர். குரல் கொடுத்தால் நாலு தோட்டத்துக்கு அங்கால் நிற்கிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். கையில் பயத்தம் பணியாரப் பெட்டியோடு வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உதென்ன ரீச்சர், எல்லாம் அரைகுறையாக் கிடக்கு?"

"ஒட்டிக்கொண்டிருக்கிறன். நேரம் கிடைக்கேக்கைதான்..."

"எப்பத் தொடங்கினது?"

"இது போன விஜயதசமிக்கு. அது அதுக்கு முதல் வருசம். அங்காலை கிடக்கிறது..." அதற்குமேல் எனக்கே சொல்ல வெட்கமாக இருந்தது.

"பிள்ளைத்தாச்சி படுக்கிற இடத்திலை குறை வேலை வைச்சிருக்கப்படாது, ரீச்சர். தொடங்கின வேலை குறையிலை கிடந்தால் பிள்ளைப்பெறும் இழுபடும். எங்கடை பக்கத்திலை பிள்ளைத்தாச்சி இருக்கிற வீட்டிலை வேலியைக் கூட அரையிலை விடமாட்டினம்." பணியாரப் பெட்டியை என் கையில் தந்தார். "உதுகள் இப்பிடிக் கிடக்கிறதெண்டால் பிள்ளை எங்கடை வீட்டிலையே இருக்கட்டும். நான் பாக்கிறன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. மரியாதைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அவர் போன பிறகு இவரிடம் பொரிந்து தள்ளினேன். இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு மூடநம்பிக்கையா, பிளாஸ்ரிக் பஸ்சுக்கும் என் பிள்ளையின் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம், நான் ஒரு கணித ஆசிரியை. இவர் பணியாரத்தைத் தின்றுகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்ல பணியாரம்," என்றார் கடைசியில்.

மகளிடம் தொலைபேசியில் சொன்னேன். "அம்மா, மாமி ஒண்டு சொன்னால் சொன்னதுதான். என்னைக் கொண்டு ஒண்டும் ஏலாது. நீங்கள் அந்தச் சாமானுகளை ஒருவழி பண்ணுங்கோ," என்று சிரித்தாள். அவளுக்குச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கலியாணமாகிப் போன பிறகு இந்த வீட்டில் காலையில் எங்களைத் தவிர வேறொருவர் நடக்கிற சத்தம் எனக்குக் கேட்டதில்லை. அவளுக்கு வெந்நீர் வைத்துக்கொடுத்து, தலை துவட்டி, பிள்ளை பிறந்த பிறகு மல்லி, மிளகு சேர்த்துச் சரக்கு அரைத்துக் கறி வைத்துக் கொடுக்கவேண்டும் என்று எத்தனை நாள் நினைத்திருப்பேன். அதை ஒரு சில்லில்லாத பஸ் தடுக்கிறதென்றால் யாருக்குத்தான் பொறுக்கும்.

அன்று மாலையே சம்பந்தியம்மாவை அழைத்தேன்.

"எல்லாத்தையும் ஆருக்காவது குடுத்துவிட்டால் சரிதானே?"

"குறையைக் குடுக்கிறதோ? வாங்கின வீட்டிலை அது குறையாக் கிடக்கும். அந்தப் பாவம் எங்களுக்கேன்?"

"அப்ப எறியிறன்."

"எறிஞ்சால் விட்ட குறை. அது இன்னும் மோசம்."

"முடிக்கவும் ஏலாட்டி?"

"கழட்டிப் பழையபடி பெட்டிக்குள்ளை வையுங்கோ. அப்ப அது தொடங்காத வேலை. தொடங்காத வேலைக்குக் குறை இல்லைத்தானே."

எனக்கு வந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. இத்தனை ஆண்டு படிப்பித்த எனக்கு இப்படி ஒரு தீர்வு தோன்றவில்லையே என்று வாய் பிளந்து நின்றேன். ஒன்றை முடிக்கலாம், அல்லது தொடங்கவே இல்லை என்று ஆக்கலாம். இடையில் நிற்கத்தான் கூடாது. கணக்கு சுத்தமாக இருந்தது.

அடுத்த சில வாரம் எங்கள் வீட்டில் ஒரே அமர்க்களம். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சேலையைக்கூட மாற்றாமல் அறைக்குள் போய்விடுவேன். ரயிலுக்கு அதிகம் பசை பிடித்திருக்கவில்லை. பொளக் பொளக்கென்று கழன்று வந்தது. துண்டுகளைக் கழுவித் துடைத்துப் பெட்டிக்குள் அடுக்கினேன். இத்தனை காலம் முடிக்கமுடியாமல் என்னை வதைத்த ரயில், ஒரு மத்தியானத்தில் தொடங்காத ரயிலாகிவிட்டது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல. ஒன்றை முடித்தால்கூட அவ்வளவு லேசாக இருந்திருக்காது.

பஸ்சைக் கழற்ற முடியவில்லை, ஆகவே முடிக்கவேண்டும். சில்லுக்கு இவர் தன்னுடைய சேட்டிலிருந்து ஒரு பொத்தானைப் பிடுங்கித் தந்தார். சிவப்பு நிறம் டப்பாவிலேயே காய்ந்து கல்லாகியிருந்தது. மகள் விட்டுப்போன நகப்பூச்சை எடுத்துப் பூசினேன். கலியாண வீட்டுக்குப் போகிற பஸ் மாதிரி மினுங்கியது.

சிறகு மாறி ஒட்டிய விமானம்தான் பெரிய தலையிடி. பசை பிளாஸ்ரிக்கை உருக்கி ஒன்றாக்கியிருந்தது. பிரிக்க முடியாது. மற்றச் சிறகை எப்படி வைத்தாலும் பிழை.

"விழுந்த பிளேன் எண்டு சொல்லு," என்றார் இவர். "மண்ணிலை குத்தி வை. விழுந்து முடிஞ்ச பிளேன்."

எனக்கும் அது பிடித்துக்கொண்டது. ஒரு தட்டில் எங்கள் தோட்டத்துச் செம்மண்ணைப் பரப்பி, மூக்கு மண்ணில் குத்தி நிற்கும்படி வைத்தோம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் சம்பந்தியம்மா சோதனைக்கு வந்தபோது பஸ்சைப் பார்த்துத் தலையாட்டியவர், ரயில் பெட்டியைத் திறந்து பார்த்துத் தலையாட்டியவர், விமானத்தைப் பார்த்ததும் நெஞ்சில் கையை வைத்துவிட்டார்.

"விழுந்ததுகளையோ பிள்ளைத்தாச்சி வாற வீட்டிலை வைக்கிறது?"

இவர் விமானத்தைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். ஒரு தடியின் நுனியில் அதைக் கட்டி, கிளி வந்து விழுகிற மிளகாய்ப் பாத்தியின் நடுவில் நட்டுவிட்டு வந்தார். "இப்ப அது கிளிக்கு வெருளி," என்றார். "முடிஞ்ச வெருளி. ஒரு குறையும் இல்லை."

சம்பந்தியம்மா யன்னலால் எட்டிப் பார்த்தார். காற்றுக்கு விமானம் மெல்லத் திரும்பியது. "ஓம், அது சரி," என்றார். அவருடைய வாயோரத்தில் ஒரு சிரிப்பு வந்து போனதை நான் கண்டேன்.

மிஞ்சியது கப்பல்.

"உதின்ரை உடம்பு பிரிக்கேலாது," என்று நான் உள்ளதைச் சொன்னேன். "மிச்சம் நூல் வேலை. அது என்னாலை ஏலாது. உதைத்தான் என்ன செய்யிறதெண்டு தெரியேல்லை."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "இந்தத் தடி உறுதியோ?" என்று கடைசிப் பாய்மரத்தை விரலால் தொட்டார். டக்கென்று முறிந்து அவர் கையோடு வந்துவிட்டது.

இவர் முகட்டைப் பார்த்தார். சம்பந்தியம்மாவின் முகம் வெளிறிப்போயிற்று. அவரும் பயப்படுவார் என்று நான் அதுவரை நினைத்ததில்லை. எனக்கோ, கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

"நான் உடைச்சதை நான்தான் நிமித்துவன்," என்றார் அவர். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பசை எங்கே, நூல் எங்கே என்று கேட்டார். மாலைவரை எழும்பவில்லை. எழும்பும்போது அடுத்த தீர்ப்பையும் தந்தார். "ஆக்கள் இருந்து செய்யிற வேலை குறை வேலை இல்லை. அது நடக்கிற வேலை. பிள்ளையை வாற புதன்கிழமை கூட்டிவாங்கோ. பிறக்க முதல் முடிப்பம்."

புதன்கிழமை மகள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் ஆரத்தி எடுக்கும்போது எனக்குக் கண் கலங்கியது. தட்டை ஆட்டாதேங்கோ அம்மா, குங்குமத் தண்ணி ஊத்துப்படுது என்றாள்.

அதன் பிறகு வந்த வாரங்களைப் போல் ஒரு காலம் எனக்கு வாய்த்ததில்லை. சம்பந்தியம்மா வெள்ளிக்கிழமை தோறும் கோயிலுக்குப் போய்விட்டு, இரண்டு பஸ் ஏறி, ஒரு பையில் முருங்கைக்காயும் கத்தரிக்காயும் கொண்டு வந்துவிடுவார். பிறகு செவ்வாய்க்கிழமையும் வரத் தொடங்கினார். மகள் கட்டிலில் சாய்ந்திருப்பாள். நானும் அவரும் மேசையில் கப்பலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். நூல் வேலையில் அவர் என்னைவிட மோசம். கைவிரல் ஒவ்வொன்றும் தடிப்பம். முடிச்சுகள் மாட்டைக் கட்டுகிற முடிச்சுகள்.

"இது கப்பல், மாடில்லை," என்பேன்.

"ஓடாமல் நிக்கவேணும். அவ்வளவுதானே?"

"நிக்கிறதுக்கே கப்பல்?"

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "என்னைச் சிரிக்க வையாதேங்கோ, உள்ளை உதைக்கிறான்," என்பாள். "உதைக்கிறாள்" என்பார் சம்பந்தியம்மா. அதுவும் ஒரு சண்டையாகும். நான் ஏசுவேன். அவர் என்னை ஏசுவார். என்னை ஏச வீட்டுக்கு ஓர் ஆள் கிடைத்ததில் இவருக்கு இருந்த மகிழ்ச்சி கொஞ்சநஞ்சமல்ல. எந்த நாளில் என்று தெரியாது, அவர் என்னை ரீச்சர் என்பதை விட்டுவிட்டு மச்சாள் என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார். நானும் அப்படியே கூப்பிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் மகள் நித்திரையாகிவிட்டாள். மச்சாள் நூலைக் கோர்த்துக்கொண்டே குரலைத் தாழ்த்தினார். அவருக்குத் தாழ்ந்த குரல் உண்டென்று அன்றுதான் அறிந்தேன்.

"பிள்ளை மெல்லிசு, மச்சாள். எப்பிடித் தாங்கப்போகுதோ. எனக்கு ஒவ்வொரு நாளும் பயமாக் கிடக்கு."

"எனக்கும்தான்," என்றேன்.

குறை வேலை, இழுபறி, விட்ட குறை என்று அவர் சொன்னதெல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவருக்கு என் பிள்ளையைப் பற்றிப் பயம். அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியாமல் என் அறைக்குள் கொண்டுவந்து வைத்திருந்தார். நானும் என்ன குறைச்சல். மூடநம்பிக்கை என்று வாயால் சொல்லிக்கொண்டே, டொக்டர் சொன்ன நாளையும் மிச்சமிருக்கிற நூலையும் மனதுக்குள் சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தக் கப்பலை முடித்துவிட்டால் என் மகளுக்கு ஒன்றும் வராது என்று நான் நம்பத் தொடங்கி எத்தனையோ நாளாகிவிட்டது. இரண்டு பேரும் குனிந்து முடிச்சுப் போட்டோம்.

டொக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் சில நாள் இருந்தது. அன்று பௌர்ணமி, போயா விடுமுறை. மச்சாள் சண்டிலிப்பாயில் பிள்ளைப்பெற்றுச் சரக்கு வறுக்கிறதாகச் சொல்லியிருந்தார். அந்தச் சரக்கை யார் வறுப்பது என்பதிலும் சண்டை போட்டு, அவர் வறுப்பது, நான் அரைப்பது என்று தீர்ந்திருந்தது. காலையில் நான் தனியாகக் கப்பலோடு இருந்தேன். நூலெல்லாம் கட்டியாகிவிட்டது. முன் மரத்தின் உச்சியில் கடைசிக் குறுக்குத் தடி ஒன்று. அதை வைத்து, பசை பிடிக்கும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தால் முடிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு சாவணத்தால் வைத்தேன். விரலால் தாங்கிக்கொண்டேன்.

"அம்மா," என்று மகள் குளியலறைப் பக்கமிருந்து கூப்பிட்டாள்.

"பொறு பிள்ளை, பசை காயட்டும்."

"அம்மா."

இரண்டாவது முறை அந்தக் குரல் வேறு மாதிரி இருந்தது. எழும்பிப் போகவேண்டும் என்று நான் முடிவெடுத்ததாக ஞாபகம் இல்லை. கை விட்டுவிட்டது. கால் ஓடிவிட்டது. பின்னால் ஏதோ சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

பன்னீர்க்குடம் உடைந்திருந்தது. இவர் ஓட்டோவைக் கூட்டிவர ஓடினார். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழி முழுக்க மகள் என் கையைப் பிடித்து நெரித்துக்கொண்டு வந்தாள். சற்று முன்பு வரை ஒரு தீக்குச்சிப் பருமனான தடியைப் பிடித்துக்கொண்டிருந்த கை அது.

அவளை உள்ளே கூட்டிப்போன பிறகு நான் வெளியே கிடந்த மர வாங்கில் இருந்தேன். தொலைபேசியில் செய்தி கேட்டுக் கொஞ்ச நேரத்தில் மச்சாள் வந்தார். தலை கலைந்து, வீட்டுச் சேலையோடு, மல்லியும் மிளகும் மணக்க மணக்க ஓடிவந்து என் பக்கத்தில் தொப்பென்று இருந்தார்.

"எப்பிடி?"

"உள்ளை."

மூச்சு வாங்கினார். பிறகு, கேட்கப் பயந்தவர்போலக் கேட்டார். "கப்பல் முடிஞ்சுதோ?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். "இல்லை மச்சாள். அவள் கூப்பிட்டாள், கையாலை விட்டிட்டன். சரிஞ்சு விழுந்திட்டுது."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தீர்ப்புக்காகக் காத்திருந்தேன்.

"நானும் சரக்கை அடுப்பிலை விட்டிட்டு ஓடி வந்திட்டன்," என்றார் மச்சாள். "இப்ப கருகியிருக்கும்."

"அடுப்பை நூத்தனீங்களே?"

அவர் யோசித்தார். "தெரியேல்லை."

பக்கத்து வீட்டுக்கு அவசரமாகத் தொலைபேசி எடுத்தோம். அவர்கள் வேலியால் பாய்ந்துபோய்ப் பார்த்துவிட்டு, சட்டியும் சரக்கும் கரியாகிப் போச்சு, வீடு மட்டும் தப்பினது என்றார்கள். மச்சாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அவரைப் பார்த்து எனக்கும் வந்தது. இரண்டு பேரும் வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். சிரிப்பா அழுகையா என்று பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்காது. எங்களுக்கும் முழுக்கத் தெரியாது.

அப்படி இருக்கும்போதுதான் கதவு திறந்தது. தாதி எட்டிப் பார்த்து, "அவவின்ரை அம்மா ஆர்?" என்றாள்.

இரண்டு பேரும் எழும்பி நின்றோம்.

"பொம்பிளைப்பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்," என்றாள். ஒரு இழுபறியும் இருக்கவில்லை. உதைக்கிறாள் என்று சொன்ன மச்சாள், வென்றதைக்கூட மறந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பிள்ளையோடு வீட்டுக்கு வந்த அன்று கிழக்கு அறையில் வெயில் நன்றாக விழுந்திருந்தது. மகள் கட்டிலில் சாய்ந்தாள். மச்சாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, நான் அதற்குத் துணி மாற்றத் தடுமாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசையில் கப்பல் விழுந்தபடியே கிடந்தது. முன் மரம் சாய்ந்து, பசை அப்படியே இறுகி, நூல்கள் எல்லாம் ஒரு பக்கமாகத் தொய்ந்து போயிருந்தன. நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். அவர் கப்பலைப் பார்த்தார்.

"மச்சாள், உதை எடுத்து அங்காலை வையுங்கோ," என்றார். "பிள்ளையின்ரை துணி வைக்க இடமில்லை."

எடுத்தேன். மேசையைத் துடைத்து, மடித்த துணிகளை அடுக்கினேன். பிள்ளை கொட்டாவி விட்டாள், மூன்று பேரும் ஒன்றாகக் குனிந்து பார்த்தோம். கப்பலை எங்கே கொண்டுபோய் வைத்தேன் என்று தம்பி இப்போதும் கேட்கிறான். யோசித்துப் பார்க்கிறேன், எனக்குத் தெரியவில்லை.